பதினைந்தாம் கேள்வி

பனாமா
1532, புனித செபஸ்தியார் திருநாள்

அன்புள்ள ஒலாயா அக்காவுக்கு,

தம்பி மெல்ச்சோர் எழுதுவது. இங்கே நான் நலம். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அந்த அளவுக்கு. இடது முழங்கால் மழை வருவதை ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. மழையோ தினமும் வருகிறது. உன் இடுப்பு வலி எப்படி? ஆடுகள், கூரை, பங்குச்சாமி எல்லாம் சுகமா?

இந்தக் கரைக்கு வந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆறுகளையும் ஒரு வளைகுடாவையும் கண்டுபிடித்தேன். ஆறுகளில் ஒன்று கோடையில் இருப்பதில்லை. வளைகுடாவுக்கு வரைபடத்தில் வேறொருவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். என்னோடு தையல்காரனாகக் கப்பலேறியவன் வீட்டு வாசலில் இன்று கல்லில் சிங்கம் நிற்கிறது. அவன் கண்டுபிடித்தது ஒரு பணக்கார விதவையை.

ஆகவே அரசரிடம் குடும்பச் சின்னம் கேட்டு மனு போடப்போகிறேன். கிடைத்தால் நம் வால்தெஹாரா வீட்டு வாசலுக்கு மேலே அதைக் கல்லில் செதுக்கி வைக்கலாம். முறை இதுதான்: என் சேவைகளை நானே கேள்விகளாக எழுதுவேன். சாட்சிகள் நீதிபதி முன்னால் ஒவ்வொன்றுக்கும் சத்தியம் செய்து பதில் சொல்வார்கள். அந்தக் காகிதக் கட்டை யாராவது உறவினர் அரசவையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்கு உன்னை விட்டால் யார்? நானாக அனுப்பினால் ஒரு எழுத்தர் படிப்பார். கறுப்பு உடுத்திய ஒரு விதவை கொண்டுபோய்க் கொடுத்தால் இரண்டு பேர் படிப்பார்கள்.

உன் மகன் இருந்திருந்தால் உன்னை அலைக்கழித்திருக்க மாட்டேன். பதினாறு ஆண்டு ஆகிவிட்டது. தோரிபியோ என் மடியில் தலை வைத்து, தண்ணீர் கேட்டு, ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே போனது இன்றும் என் காதில் இருக்கிறது. காய்ச்சலுக்கு யார் பிள்ளை என்று தெரிவதில்லை.

உன் கைகளை முத்தமிடும் தம்பி,
மெல்ச்சோர் தெ அல்கோர்


வால்தெஹாரா
1532 ஜூலை 8

தம்பி மெல்ச்சோருக்கு,

அக்கா ஒலாயா சொல்ல, கோயில்பிள்ளை பாஸ்குவால் எழுதுவது. நான் சுகம். இடுப்பும் என்னோடுதான் இருக்கிறது. கூரை பாதி சுகம். பங்குச்சாமி முழுச் சுகம். உன் முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்பைச் சூடாக்கித் தடவு.

"கொஞ்சம் இனிப்பாப் போடட்டுமா, ஒலாயா அம்மா? தளபதிக்கு எழுதறோம்" என்கிறார் பாஸ்குவால். நான் பார்த்த வரை அவன் மூக்கு ஒழுகிக்கொண்டு கோழிக்குப் பயந்து ஓடியவன் என்று சொன்னேன். அதையும் எழுதிவிட்டார் போலிருக்கிறது.

சின்னம் நல்ல யோசனைதான். ஆனால் வாசல் உத்தரம் உளுத்துக் கிடக்கிறது. சிங்கம் எதையும் அனுப்புவதற்கு முன் உத்தரம் மாற்ற வேண்டும். நீ கட்டை அனுப்பு. கொண்டுபோகிறேன்.

எனக்கு ஒரு காரியம் நீ செய்ய வேண்டும். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் அவரவர் கல்லறைமேல் ரொட்டியும் மெழுகுவத்தியும் வைக்கிறார்கள். தோரிபியோவுக்கு நான் அவன் அப்பாவின் கல்லின் ஓரத்தில் வைக்கிறேன். அவனை எங்கே புதைத்தது என்று பங்குச்சாமி வருஷா வருஷம் கேட்கிறார். ஒரு பெரிய மரத்தடியில் என்று முதலில் எழுதினாய். பிறகு தேவாலயத்துக்குப் பக்கத்தில் என்றாய். அதற்கும் பிறகு ஆற்றங்கரையில் என்றாய். ஒன்றைச் சொல்.

போன வாரம் மலைமேல் யாரோ இடையர்கள் ஈரப் புதரை எரித்திருக்கிறார்கள். தோரிபியோ ஆடு மேய்த்த காலத்தில், பசித்தால் மூன்று புகை போடுவானே, நினைவிருக்கிறதா? மூன்று புகை தெரிந்தால் நான் கொண்டைக்கடலைப் பானையை அடுப்பில் ஏற்றுவேன். அவன் இறங்கி வருவதற்கும் அது வேகுவதற்கும் சரியாக இருக்கும். போன வாரம் தெரிந்தது ஒரே புகைதான். ஆனாலும் பானையை ஏற்றிவிட்டேன். பாஸ்குவால்தான் சாப்பிட்டார்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.
ஒலாயா


பனாமா
1533 ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஆட்டுக்கொழுப்பு இங்கே கிடைப்பதில்லை. இங்குள்ள ஏதோ ஒரு பிராணியின் கொழுப்பைத் தடவினேன். வலி குறையவில்லை, ஆனால் நாய்கள் என்னைப் பின்தொடர்கின்றன. மற்றபடி நலம். உன் நலத்தைக் கேட்டு மகிழ்ந்தேன்.

கல்லறை பற்றிக் கேட்டாய். மரம் ஆற்றங்கரையில் இருந்தது. தேவாலயம் மரத்தடியில் இருந்தது. மூன்றும் ஒரே இடம்தான். பிறகு வெள்ளம் மூன்றையும் கொண்டுபோய்விட்டது. பங்குச்சாமியிடம் அப்படியே சொல்.

கட்டு இத்துடன் வருகிறது. மொத்தம் பதினான்கு கேள்விகள். நான்காவது எனக்கே பிடித்திருக்கிறது: பணியச் சொல்லும் அரசாணையை ஓர் ஊரின் முன் நின்று உரக்கப் படித்தேன் என்பதும், எதிர்ப்பு ஏதும் எழவில்லை என்பதும். ஊரில் யாரும் இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. அதனால் யாரும் சொல்லவும் இல்லை.

சாட்சிகள் ஐந்து பேர். எல்லாரும் நல்லவர்கள். ஒற்றைக்கண் ப்ருதென்சியோதான் கொஞ்சம் அதிகம் நல்லவன். எழுத்தர் முதல் கேள்வியைப் படிக்கத் தொடங்கியதுமே கையை உயர்த்திவிட்டான்.

"எதுக்குங்க படிச்சிக்கிட்டு? தளபதி பொய்யா எழுதுவாரு? பதினாலுக்கும் ஆமான்னு போட்டுக்குங்க. கண்ணால கண்டேன்."

"எந்தக் கண்ணால?" என்றார் எழுத்தர்.

"அப்ப ரெண்டும் இருந்துச்சு."

"அந்த வருஷம் நீங்க இந்தக் கரைக்கே வரலையேய்யா?"

"அதனாலதான் ரெண்டும் இருந்துச்சு."

ஆனாலும் முறைப்படி பதினான்கையும் படித்துக் காட்டி, 'கேள்வியில் உள்ளபடியே அறிவான்' என்று எழுதி முடித்தார்கள்.

முத்திரையிட்டு அனுப்புகிறேன். நீ பிரிக்க வேண்டியதில்லை. வெறும் அரசாங்க மொழி. உனக்குச் சலிப்பாக இருக்கும். அப்படியே கொடுத்துவிடு.

அன்புத் தம்பி,
மெல்ச்சோர்


பனாமா
1533 ஜூன் 2

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நாளைக் காலை கப்பல் கிளம்புகிறது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கட்டை அரசவைக்குக் கொண்டுபோகாதே. பிரிக்கவும் பிரிக்காதே. இந்தக் கடிதம் கொண்டுவருபவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. நகலெடுத்தவன் பதினொன்றாம் கேள்வியில் பிழை செய்திருக்கிறான். இப்போதுதான் கவனித்தேன்.

உண்மையைச் சொன்னால் கவனித்தது நானில்லை, ப்ருதென்சியோ. நேற்று மதுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, "மனுவ யாருகிட்டக் குடுத்து அனுப்புனீங்க?" என்றான். அக்காவிடம் என்றேன். குடித்துக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவன் கிண்ணத்தைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"அந்தப் பதினொண்ணாவது கேள்வியோடவா? பெத்தவ கையிலயேவா? தளபதி, உங்க வீரத்துக்கு நான் பொய்ச் சாட்சி சொன்னதா நெனச்சேன். நெசமாவே நீங்க வீரருதான்."

பிழைதான், அக்கா. திருப்பி அனுப்பு.

மெல்ச்சோர்


வால்தெஹாரா
1533 ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

நான் சுகம். உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

கட்டு யாக்கோபு திருநாளன்று கழுதைக்காரரோடு வந்து சேர்ந்தது. மூன்று நாள் நடந்து சுமக்கப்போகிற பொருள் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் நான் உப்பு மூட்டைகூடச் சுமந்ததில்லை. அதனால் பாஸ்குவாலை வரச்சொல்லி முத்திரையைப் பிரித்தேன். நான் கோழி இறகு பறித்துக்கொண்டிருந்தேன். அவர் அடுப்போரத்தில் உட்கார்ந்து பூசை ராகத்தில் படித்தார். முதல் பத்தும் நன்றாக இருந்தன. நான் வளர்த்த பிள்ளையா இவன் என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்றில் ராகம் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"பக்கம் ஒட்டியிருக்கும்மா."

"பக்கமே திருப்பலையே, எதோட ஒட்டும்? படிங்க."

"பன்னெண்டு ரொம்ப நல்லா இருக்கு, அதப் படிக்கவா?"

"பதினொண்ணுக்கு அப்புறந்தான் பன்னெண்டு, பாஸ்குவால்."

படித்தார். நான் மூன்று முறை படிக்கச் சொன்னேன். இப்போது எனக்கு மனப்பாடம். உனக்கு மறந்திருக்கலாம் என்பதால் எழுதச் சொல்கிறேன்:

'மேற்படி தளபதி, 1516இல், அரசர்மேல் கொண்ட பக்தியால், சொந்த ரத்தமென்றும் பாராமல், தன் உடன்பிறந்தாளின் ஒரே மகன் தோரிபியோவை, உயிரோடும் நல்ல உடல்நலத்தோடும், தான் கண்டுபிடித்துப் பெயரிட்ட சாந்தா ஒலாயா ஆற்றின் கரையில், அவ்வூர்த் தலைவனிடம் பிணையாகவும் அவர்கள் மொழியைக் கற்பதற்காகவும் விட்டுச் சென்றார் என்பதும், அவனை மீட்கக் காலம் செலவிடாமல் அரசரின் முத்துக்களைத் தேடிச் சென்றார் என்பதும் சாட்சிக்குத் தெரியுமா?'

ஐந்து பேருக்கும் தெரிந்திருக்கிறது.

காய்ச்சல் எந்தக் கேள்வியில் இருக்கிறதென்று பாஸ்குவாலைத் தேடச் சொன்னேன். பதினான்கையும் இரண்டு தடவை தேடினார். எங்கும் இல்லை.

ஆற்றுக்கு என் பெயர் வைத்திருப்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும். நீ சொன்னதில்லை.

பங்குச்சாமிக்கு ஒரு சங்கடம். பதினாறு வருஷமாக இறந்தோர் பூசை வைத்திருக்கிறோம். உயிரோடு இருப்பவனுக்கு அதை வைத்தால் பாவமாம். கரையில் விட்டவனுக்குப் பயணிகளுக்கான ஜெபம்தான் சொல்ல வேண்டுமாம். இரண்டில் எது என்று கேட்கிறார். நானும் கேட்கிறேன். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

கோழி சாப்பிட்டோம். உப்பு அதிகமாகிவிட்டது.

ஒலாயா


வால்தெஹாரா
1533 டிசம்பர் 13

தம்பிக்கு,

எனக்கு இலேசான சளி. வேறு குறையில்லை. நீ ஜூனில் எழுதியது நேற்று வந்தது.

நகலெடுத்தவன் பிழை என்கிறாய். எந்தச் சொல் பிழை? 'உயிரோடும்' என்பதா? 'ஒரே மகன்' என்பதா? சொன்னால் பாஸ்குவால் சுரண்டித் திருத்திவிடுவார். அவருக்கு நல்ல கத்தி இருக்கிறது.

கட்டை நான் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த அறுவடை முடிந்ததும் கிளம்புவேன். கொண்டுபோகிறேன் என்று நான் சொன்ன சொல் சொன்னதுதான்.

ஒலாயா


பனாமா
1534 பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஆகஸ்ட் கடிதம் வந்தது. உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன் சுகத்துக்காக வேண்டிக்கொள்கிறேன்.

நீ அந்த நாடுகளைப் பார்த்ததில்லை. ஆள் விட்டு வருவது நான் கண்டுபிடித்த வழக்கமில்லை. எல்லாத் தளபதிகளும் செய்தது. மொழி தெரிந்தவன் ஒருவன் இல்லாமல் அங்கே தண்ணீர்கூடக் கேட்க முடியாது. அதனால் நம்மில் ஒருவனை அவர்களிடம் விடுவோம். அவர்களில் ஒருவனை நாம் அழைத்துப்போவோம். சில மாதங்களில் இருவரும் மொழி கற்றதும் மாற்றிக்கொள்வோம். அந்தத் தலைவன் தன் அக்காள் மகனைக் கொடுத்தான். என்னைக் காட்டி, தோரிபியோவைக் காட்டி, கையாலேயே முறை கேட்டான். அக்காள் மகன் என்று நானும் கையாலேயே சொன்னேன். அது அவனுக்குத் திருப்தியாக இருந்தது. அவன் கொடுத்த பிள்ளையின் கதை இங்கே தேவையில்லை.

தோரிபியோவை யாரும் வற்புறுத்தவில்லை. இருபத்தொரு வயது. அவர்கள் மீன் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத் தானாகவே சரி என்றான். படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டவனே அவன்தான். இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, "மாமா, யோவான் திருநாளுக்குள்ள வந்துருவீங்கல்ல?" என்றான்.

"அதுக்கு முன்னாடியே வந்துருவேன்டா."

"நம்ம ஊரு மலையிலயே மூணு தடவ வழி தப்புனவரு நீங்க. பாத்து வாங்க."

படகில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாய்மாமனைக் கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு.

யோவான் திருநாளன்று நாங்கள் முத்துக்குளிக்கும் கரையில் இருந்தோம். பிறகு காற்று மாறியது. பிறகு ஆளுநர் மாறினார். திரும்பப் போகத்தான் நினைத்தேன். அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு பிறகு அமையவே இல்லை. உனக்கு ஏதாவது எழுத வேண்டியிருந்தது. காய்ச்சல் என்றால் யாரும் மேலே கேட்பதில்லை.

அதை மனுவில் ஏன் எழுதினாய் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். "அரசவைக்கு ஆறுகள் அலுத்துப்போச்சு, தியாகம் ஏதாவது இருக்கா?" என்று எழுத்தர் கேட்டார். என் வாழ்க்கை முழுவதையும் துழாவிப் பார்த்தேன். அந்த ஒன்றுதான் அகப்பட்டது. எழுதும்போது அதை நீ படிக்க நேரும் என்று தோன்றவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும்தான் தோன்றியது.

என்ன ஜெபம் என்று எனக்குத் தெரியாது, அக்கா.

மெல்ச்சோர்


மாட்ரிட்
1534 நவம்பர் 19

தம்பிக்கு,

நான் சுகம். கால் மட்டும் வீங்கியிருக்கிறது. பாஸ்குவாலும் கூட வந்தார். அவருக்கு இந்த ஊரில் எல்லோரும் வேகமாகப் பேசுவது பிடிக்கவில்லை. உன் சுகத்தை எழுது.

உன் மனுவைக் கொடுத்துவிட்டேன். ஒன்பது நாள் வாசலில் உட்கார வைத்தார்கள். பிறகு மெலிந்த ஓர் எழுத்தர் கூப்பிட்டார். அன்பானவர்.

"ஆறு, தீவு, வளைகுடா எல்லாம் எங்ககிட்ட நெறைய இருக்கும்மா. இந்தப் பதினொண்ணாவதுதான் புதுசு. இதுக்காகவே கெடைக்கும் பாருங்க. அந்தப் பையனுக்கு நீங்க என்ன வேணும்?"

"அம்மா."

அவர் கொஞ்ச நேரம் இறகுப் பேனாவைச் சீவினார். பிறகு, "உங்களுக்கு ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார். சொல்ல ஒன்றுமில்லை, ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்றேன். யாரிடம் என்றார். மனுப் போட்டவரிடம் என்றேன்.

"அவரு மனுவுக்கு அவரே எப்படிம்மா சாட்சி சொல்லுவாரு?"

"பதினாலு கேள்வி அவரோடது. இது என்னோடது. என் கேள்விக்கு அவரு சாட்சி."

சட்டத்தில் அதற்குத் தடை இல்லை என்று ஒரு பெரிய புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். எழுதி முத்திரையிட்டு உன் ஊர் நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறார். நகல் இது:

'பதினைந்தாம் கேள்வி: மறு ஆண்டு அதே கரையோரமாகச் சாதகமான காற்றில் ஒரு நாளும் வீணாக்காமல், ஓரிடத்திலும் நிறுத்தாமல் கப்பல் செலுத்தினார் என்று தளபதி தம் பதின்மூன்றாம் கேள்வியில் கூறுகிறார். அப்படிப் போகையில், பதினொன்றாம் கேள்வியில் கூறிய சாந்தா ஒலாயா ஆற்றின் முகத்துவாரத்தை அவர் பார்த்தாரா? பார்த்தார் என்றால் அங்கே என்ன கண்டார்?'

எனக்கு எழுத்து தெரியாது, தம்பி. ஆனால் ஒருவர் பதினான்கு வரை படித்தால் பதினொன்றும் பதின்மூன்றும் எனக்கு நினைவிருக்கும். வாய்ப்பு அமையவே இல்லை என்று நீ எழுதியிருந்தாய்.

இதற்குப் பதில் வரும்வரை உன் மனு காத்திருக்கும் என்று நினைத்தேன். தேவையில்லையாம். அரசருக்குப் பதினான்கே போதுமாம். நேற்றே சின்னம் கொடுத்துவிட்டார்கள். நீலப் பின்னணியில் வெள்ளி ஆறு. அதன் கரையில் ஓர் இளைஞன் ஒரு கையை உயர்த்தி நிற்கிறான். மேலே ஐந்து முத்துக்கள். வாழ்த்துகள்.

ஒலாயா


பனாமா
1535 மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை.

சின்னத்துக்கு நன்றி. இங்கே எல்லோரும் வந்து வாழ்த்தினார்கள். தையல்காரனும் வந்தான். ஆள் இருக்கும் சின்னம் சிங்கத்தைவிட உயர்ந்ததாம். ஒரு சிறிய வேண்டுகோள்: கல்லில் செதுக்கும்போது அந்த ஆளை விட்டுவிட முடியுமா என்று கல்தச்சனிடம் கேள். அல்லது கையையாவது இறக்கச் சொல். ஆறும் முத்துக்களும் போதும். பார்க்கவும் எளிமையாக இருக்கும்.

பதினைந்தாம் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்படவில்லை என்று வக்கீல் சொல்கிறார்.

மெல்ச்சோர்


வால்தெஹாரா
1535, கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்

தம்பிக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. உத்தரம் மாற்றியாகிவிட்டது. நல்ல கருவாலி மரம். நமக்குப் பிறகும் நிற்கும். கல்லும் ஏறிவிட்டது. அரசர் முத்திரை போட்ட படத்தில் ஆள் இருந்தால் கல்லிலும் இருந்தே ஆக வேண்டுமாம். கல்தச்சர் மட்டும் ஒன்று கேட்டார்.

"இவரு கையத் தூக்கியிருக்காரே, போயிட்டு வாங்கன்னு சொல்றாரா, இல்ல, இங்க வாங்கன்னு கூப்பிடறாரா? அதுக்குத் தக்கபடி வெரல வைக்கணும்."

தெரியவில்லை, தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன். விரல்களைப் பிரிக்காமல் விட்டிருக்கிறார். இப்போதைக்கு அது ஒரு கல்.

நேற்று நான் இரண்டு மெழுகுவத்தி வைத்தேன். ஒன்று இறந்தோருக்கு, ஒன்று பயணிகளுக்கு. பங்குச்சாமி பார்க்காதது மாதிரி போய்விட்டார்.

சட்டப்படி நீ கடமைப்படவில்லை என்பதைப் பாஸ்குவால் படித்துக் காட்டினார். சரி. ஆனால் இன்னொன்று என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. காய்ச்சலை நீ கற்பனை செய்திருக்க மாட்டாய். உனக்கு அந்த அளவுக்குக் கற்பனை கிடையாது. நாலாம் கேள்வியிலேயே தெரிகிறது. மடியில் தலை வைத்தான், தண்ணீர் கேட்டான், பாட்டு முனகினான் என்று பதினேழு வருஷமாக ஒரே மாதிரி எழுதியிருக்கிறாய். மரம் மாறியது, கோயில் மாறியது, பாட்டு மாறவில்லை. உன் மடியில் யாரோ ஒரு பிள்ளை செத்திருக்கிறான், மெல்ச்சோர்.

அவன் யார்?

எனக்கு அறுபத்து மூன்று வயது ஆகிறது. கப்பல் ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறது. கணக்குப் பார்த்துக்கொள்.

ஒலாயா


பனாமா நகரம்
1536 ஏப்ரல் 28

நீதிபதி முன்னிலையில், வால்தெஹாராவைச் சேர்ந்த விதவை ஒலாயா தெ அல்கோர் கேட்ட பதினைந்தாம் கேள்விக்குத் தானாக முன்வந்து பதில் கூற வந்த தளபதி மெல்ச்சோர் தெ அல்கோர், சிலுவைமேல் கை வைத்துச் சத்தியம் செய்து கூறியது:

வயது ஐம்பத்தேழு, கொஞ்சம் கூடவோ குறையவோ. கேள்வி கேட்பவர் தன் அக்கா. அதனால் உண்மை சொல்லாமல் இருக்கப்போவதில்லை என்றான்.

கேள்வியைப் படித்துக் காட்டியபோது, அதில் உள்ளபடியே அறிவேன் என்றான். எப்படி அறிவாய் என்று கேட்டதற்குச் சொன்னது: 1517இல் அந்த ஆற்றின் முகத்துவாரத்தைச் சாட்சி பார்த்தான். நடுப்பகல். வானம் தெளிவாக இருந்தது. காற்று சாதகமாக இருந்தது. படகை இறக்கினால் ஒரு மணி நேரத்தில் கரை சேரலாம்.

ஏன் இறங்கவில்லை என்று கேட்டபோது சொன்னது: தோரிபியோவுக்குப் பதிலாக அழைத்து வந்த பிள்ளை, அவ்வூர்த் தலைவனின் அக்காள் மகன், கப்பலில் ஏறிய பதினோராம் வாரம் காய்ச்சலில் இறந்துவிட்டான். கடைசி நாட்களில் அவன் யாரையும் பக்கத்தில் விடவில்லை, சாட்சியைத் தவிர. மாமன் என்று நினைத்திருக்கலாம். மடியில் தலை வைத்துக்கொண்டான். தண்ணீர் கேட்டான், அந்த ஒரு சொல் மட்டும் சாட்சிக்கு அவர்கள் மொழியில் தெரியும். ஒரு பாட்டை முனகினான். அவன் பெயர் என்ன என்று நீதிபதி கேட்டார். அந்தப் பிள்ளை பல முறை சொன்னான், சாட்சி கற்றுக்கொள்ளவில்லை என்றான். கரையிறங்கினால் அவர்கள் பிள்ளையைக் கேட்பார்கள். கொடுப்பதற்குக் கப்பலில் பிள்ளை இல்லை. பதினாறு ஆண்டுகள் வால்தெஹாராவில் வைத்த இறந்தோர் பூசைகளெல்லாம் அந்தப் பிள்ளைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்றும், அது வீண் போகவில்லை என்று அக்காவிடம் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டான். இதை எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டதற்கு, எழுதுங்கள் என்றான்.

கரையில் என்ன கண்டாய் என்று கேட்டபோது சொன்னது: மாலுமி, "தளபதி, கரையில பொகை தெரியுது. நம்மாளுங்களா இருக்குமா?" என்றான். சாட்சி, "காட்ட எரிக்கிறாங்க. நிக்காம போ" என்றான்.

காட்டை எரித்த புகைதானா என்று நீதிபதி கேட்டார்.

இல்லை என்றான். ஈரப் புதரின் புகை; வெள்ளையாக, நேராக எழுந்தது. ஒன்றல்ல, இடைவெளி விட்டு மூன்று. மூன்று புகை என்றால் என்ன என்று அந்தக் கப்பலில் வேறு யாருக்கும் தெரியாது. சாட்சிக்குத் தெரியும். பானையை அடுப்பில் ஏற்றச் சொல்வது. கப்பல் முனையைத் தாண்டும் வரை அது எழுந்துகொண்டே இருந்தது.

இன்று அவன் உயிரோடு இருக்கிறானா என்று சாட்சிக்குத் தெரியாது. அன்று இருந்தான்.

கல்தச்சருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்றான். அது கேள்வியில் இல்லையென்று எழுத்தர் மறுத்தார். ஒரே வரிதான் என்று கேட்டுக்கொண்டதால் எழுதப்படுகிறது: கூப்பிடும் கை.

தான் அறிந்தது இவ்வளவே என்றான். எழுதியது அவனுக்குப் படித்துக் காட்டப்பட்டது. மாற்ற வேண்டியது ஏதேனும் உண்டா என்று கேட்டபோது, எழுத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்திட்டான்.